தாராக்களை விடமாட்டேன்

கணவர் காலமான பிறகு, கொடிகாமச் சந்தையில் தாராக்குஞ்சுகள், அதாவது வாத்துக்குஞ்சுகள், வாங்கி வந்தேன். வந்ததும் பெரிய சட்டியில் தண்ணீர் நிரப்பி நீந்த விட்டேன். தாயின் இறகெண்ணெய் படாத குஞ்சின் மயிரில் தண்ணீர் ஊறிவிடும் என்பது எனக்குத் தெரியாது. எல்லாம் நனைந்து நடுங்கின. ஒன்று செத்துப்போனது.

அடுத்த வளவில் குடும்பத்தோடு இருக்கும் என் அண்ணை வந்து பார்த்தார்.

"உனக்கு உது சரிவராது. மிச்சத்தை ஆருக்கும் குடுத்திட்டு, வீட்டைப் பூட்டிப்போட்டு எங்களோடை வந்து இரு."

செத்த குஞ்சைவிட அந்தப் பேச்சுத்தான் என்னைச் சுட்டது.

"உதுகளையும் குடுக்கமாட்டன், வீட்டையும் பூட்டமாட்டன். எனக்கு இண்டைக்குத் தெரியாட்டி நாளைக்குப் பழகுவன் அண்ணை."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் குஞ்சுகளைப் பழைய சீலையால் துடைத்து, பெட்டிக்குள் விட்டு, மேலே மின்குமிழைத் தொங்கவிட்டேன். இறகு முளைக்கும்வரை குடிக்க மட்டும் தண்ணீர் வைத்தேன். மற்றவை எல்லாம் பிழைத்தன.

இப்போது அவை விடியும் முன்பே கத்துகின்றன. போன கிழமை அண்ணை வேலியடியில் நின்று, "உந்தச் சத்தத்திலை மனிசர் படுக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

"ஓம், சத்தம்தான். இன்னும் குஞ்சு வாங்கப்போறன்," என்றேன்.