பூங்கோதையின் சொம்பு

பூங்கோதை எங்கே போனாலும் இடுப்பில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும், நிறையத் தண்ணீரோடு. குடிக்க இல்லை. சக்கரவர்த்தியின் வாயைக் கழுவ. ஜவ்வாது மலையில் அது எல்லோருக்கும் தெரியும்.

சக்கரவர்த்தி தொக்கம் எடுக்கிறவன். பிள்ளைக்கு வயிறு வலித்தால் சோறு சிக்கிக்கொண்டது என்பான். தொப்புளில் மூங்கில் குழலை வைத்து உறிஞ்சி, "பாரு, வந்துட்டுது" என்று ஒரு துண்டைத் துப்பிக் காட்டுவான்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் பூங்கோதையின் மகள் செந்தாமரை அடிவயிற்றின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஆறு வயசு. அவன் வந்தான், உறிஞ்சினான், துப்பினான். "மூணு நாளு கஞ்சித் தண்ணி குடு. மலைய வுட்டு எறக்காத, மறுபடி சிக்கிக்கும்" என்றான். மூன்று நாளும் பிள்ளை நெருப்பாய்க் கொதித்தது. நாலாம் நாள் டோலி கட்டி இறக்கினார்கள். குடல்வால் வெடித்து நாளாச்சு என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மண் போட்டுவிட்டு வந்து, பிள்ளை படுத்த பாயைச் சுருட்டினாள் பூங்கோதை. அவன் துப்பின துண்டு பாயடியில் காய்ந்து கிடந்தது. நசுக்கிப் பார்த்தாள். தேங்காய். அந்த ஆடி முழுக்க அவள் வீட்டில் சாமைக்கஞ்சியும் கீரையும்தான். தேங்காயைக் கண்ணால் பார்த்து நாலு மாசம். அழுகை அப்படியே நின்றது. "அவன் வாயாலயே சொல்ல வெக்கிறேன்" என்றாள். அன்றைக்கு எடுத்த சொம்புதான்.

அப்புறம் எந்த வீட்டில் அவன் குழலை எடுத்தாலும் எதிரே அவள் நிற்பாள்.

"இன்னா மாமா, சொகமா? மொதல்ல வாயக் கொப்புளிங்க. அப்புறம் உறிஞ்சுங்க."

"எங்கப்பன் காலத்துத் தொழிலுடி இது!"

"தொழிலு நல்ல தொழிலுதாங்க. தண்ணிக்கு இன்னா பயம்?"

பிள்ளைக்கு வயிற்று வலி என்று தசரதன் கூப்பிட்ட அன்றைக்கு, சக்கரவர்த்தி முறைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தான். எட்டி அவன் கன்னத்தை அமுக்கினாள். தேங்காய்த் துண்டு தசரதன் காலடியில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தசரதன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான், அது பிழைத்தது.

சக்கரவர்த்தி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "அவளே கையில மறைச்சி வெச்சிருந்தா" என்றான். ஊர் ஊராக மாறினான்; சொம்பும் பின்னாலேயே போனது. ஏழு வருஷம். "வுட்டுத் தொலையேன்" என்று புருஷன்கூடச் சொல்லிப் பார்த்தான். "நீ வேணும்னா வுடு" என்றாள்.

எண்பத்தஞ்சில் ஒரு காலை. மலையிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே பஸ்தான். சக்கரவர்த்தி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தான். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியது. பஸ் படியில் பூங்கோதை.

"எங்க மாமா ஓட்டம்? குழலு வூட்ல இல்லியா?"

"வழிய வுடும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

பிள்ளையை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். படியை விட்டு நகரவில்லை.

"புள்ள ஏறிட்டுது. நீங்க சொல்லிட்டு ஏறுங்க."

டிரைவர் ஹாரனை அமுக்கினார். பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது.

"தேங்கா... நான் வாயில வெச்சிருந்ததுதான்."

"செந்தாமரைக்கும்?"

"செந்தாமரைக்கும்."

நகர்ந்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே போனாள். பாதி மலை இறங்கும்போது, "தொண்ட காஞ்சிபோச்சு, ஒரு வாய் தண்ணி" என்றான் சக்கரவர்த்தி.

சொம்பை எடுத்து ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள் பூங்கோதை.