தேன்காரன் மேல் விழுந்த துணி

ஒருவனைக் கொஞ்சமும் நம்பாமல் காப்பாற்ற முடியுமா? அன்று மதியம் யாராவது கேட்டிருந்தால் ஜுஹருக்குப் பதில் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவும் இல்லை.

கபிலி மலையில் அய்த் வெர்சான் அவள் ஊர். விதவை. ஒரு பசு, பன்னிரண்டு அத்தி மரங்கள், பாதி ஊரோடு சண்டை. அந்த ஆகஸ்டில் காடு பற்றியது. மூன்றாம் நாள் தீ ஒலிவத் தோப்புக்கு வந்தது. தீ வைத்தவர்கள் ஆறு பேர் என்று காலையில் சொன்னார்கள். பதினோரு மணிக்கு அறுபது பேர். வெள்ளை வேனில் வந்தார்களாம். ஊரில் வெள்ளை வேன் வைத்திருந்த ரொட்டிக்கடைக்காரர் அன்று கழுதையில் ரொட்டி கொண்டுவந்தார்.

ஜுஹர் பசுவை ஓட்டிக்கொண்டு மேலே வந்தபோது, சாலை வளைவில் நாற்பது பேர் ஓர் அந்நியனைச் சூழ்ந்து நின்றார்கள். அவன் கையில் புகை போடும் தகர டப்பா, கிழிந்த சாக்கு, தீப்பெட்டி.

"தேனீக்குப் புகை போடறதுங்க. பள்ளத்துல இருபது பெட்டி வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போக வந்தேன்."

"ஊரே எரியுது, இவரு புகை போட வந்திருக்காரு!" என்றான் யூகுர்தன். அவன்தான் தடியோடு முன்னால் நின்றான். பெட்ரோல் வாசம் வருகிறது என்றது ஒரு குரல். முதல் அடி அந்நியனின் காதோரம் இறங்கியது.

ஜுஹர் இடுப்பில் கட்டியிருந்த கோடு போட்ட துணியை அவிழ்த்து அவன் தலைமேல் வீசினாள்.

அங்கே ஒரு பெண் அப்படிச் செய்தால் அவன் அவள் வீட்டுப் பொறுப்பு. அனாயா என்பார்கள். அவனைத் தொட்டால் அந்த வீட்டையே அவமதித்ததாக ஆகும்.

"அக்கா, எடுங்க அதை. விளையாடாதீங்க," என்றான் யூகுர்தன்.

"யாருடா விளையாடறது? இவன் என் வீட்டு ஆளு."

"இவன் பேராவது தெரியுமா?"

"தெரியாது. உன் பேரு தெரியும். அனாயாவை உடைச்சது யாருன்னு கேட்டா அதைத்தான் சொல்லுவேன்."

தடி தாழ்ந்தது. "இவனே தீ வச்சிருந்தா?"

"நானே போலீஸ்ல விடறேன். அதுவரைக்கும் பசுவைப் பிடிச்சுக்கிட்டு வரட்டும்."

தலையில் துணியோடு அவன் பசுவைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பசு அவனை நம்பியது. ஜுஹர் நம்பவில்லை. வீட்டில் தண்ணீர் கொடுத்தாள், பேர் கேட்டாள். லூனிஸ் என்றான். "நீ வச்சியா?" என்றாள். இல்லை என்றான். அறைக்குள் விட்டுப் பூட்டி, வாசலில் அரிவாளோடு உட்கார்ந்தாள். அரிவாள் ஊருக்கா அவனுக்கா என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலை தீ அடங்கியதும் யூகுர்தன் பள்ளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"பெட்டி இருந்துச்சு அக்கா. இருபது. எல்லாம் கரி."

ஜுஹர் பூட்டைத் திறந்தாள். லூனிஸ் யூகுர்தனைப் பார்த்து முதலில் கேட்டது, "என் பெட்டி?"

'தீ வைத்தவன் பிடிபட்டான்' என்ற செய்தி முந்தைய மாலையே ஏழு ஊருக்குப் போய்விட்டது. அவன் தேன்காரன் என்ற செய்தி இன்னும் பக்கத்து ஊருக்கே போகவில்லை. லூனிஸ் மறுபடி தேன் விற்க வேண்டுமானால் அந்த ஏழு ஊர் வழியாகத்தான் போக வேண்டும். இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னும் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.