மாமனாரின் வலக்கை

பதுளை பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கும் பலீல், ஐம்பது வயதுக்குப் பிறகு ஜிம்முக்குப் போனதற்கு அவருடைய உடம்பு காரணமில்லை. மருமகனாக வரப்போகிற மிப்ரானுடைய உடம்புதான் காரணம். பெண் பார்க்க வந்த அன்று வாசல்கதவே அவனுக்குச் சின்னதாகத் தெரிந்தது. நிக்காஹ் நாளில் ஊர் பார்க்க இந்த மலைக்கு எதிரே உட்கார்ந்து, அவன் வலக்கையைப் பிடித்து மகள் ஷம்ராவைக் கொடுக்க வேண்டியவர் பலீல். தன் கையைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் சீத்தைத் துணி கிழித்த கை. "இது கையா, முருங்கைக்காயா?" என்று கண்ணாடியிடம் கேட்டுவிட்டு, மறுநாளே ஜிம்மில் பெயரைக் கொடுத்தார்.

பயிற்சி கொடுக்கிற நிஷாந்த், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். "நானா, மொதல்ல கொறைச்சலா தூக்குங்க. தோளு பழகட்டும்" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார். பலீலும் அடக்கமாகவே கேட்டு நடந்தார், ஒரு மாலை அதே ஜிம்முக்குள் மிப்ரான் நுழையும்வரை.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா" என்று சிரித்தான் அவன். பலீல் பதில் ஸலாம் சொன்ன கையோடு, இரும்புத் தண்டில் பக்கத்துக்கு ஒரு தட்டைக் கூடப் போட்டார். "வேணாங்க நானா!" என்று நிஷாந்த் ஓடி வருவதற்குள் தண்டு தலைக்கு மேலே போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், போனது. இறங்கும்போதுதான் வலத்தோளில் துணி கிழிபடும் சத்தம் கேட்டது. அவருக்கு நன்றாகப் பழகிய சத்தம். மற்றவர்கள் தண்டை வாங்கிக்கொள்ள, வியர்வையைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்தபடி வெளியேறினார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் பனியனைக் கழற்றப் போய், அதற்குள் தலை மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தபோது மனைவி ஸவாஹிராவிடம் பிடிபட்டார். தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது, கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும், நீட்டவே கூடாது என்றார் டாக்டர். நிக்காஹ் வருகிற வெள்ளிக்கிழமை.

"மாப்புள அவரா, நீங்களா?" என்று கேட்டாள் ஸவாஹிரா. பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, ஒங்கட பேருல மர்ஸூக் நானா கையக் குடுக்கட்டும். மார்க்கத்துல எடமிருக்கு தானே."

இடமிருந்தது. அதுதான் பலீலை வதைத்தது. கூடப் பிறந்த மர்ஸூக் நல்ல அண்ணன்தான். ஆனால் பெற்ற மகளை அண்ணன் எடுத்துக் கொடுக்க, பெற்றவன் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதா? வழுக்கி விழுந்திருந்தாலாவது நாலு பேர் அனுதாபப்படுவார்கள். வீம்புக்குத் தோளைக் கிழித்துக்கொண்ட கிழவனுக்கு எவன் அனுதாபப்படுவான்?

"நானே குடுப்பன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் மௌலவி நிக்காஹ் குத்பா ஓதி முடித்தார். பலீல் கழுத்துக்கட்டிலிருந்து கையை எடுத்து நீட்டப் பார்த்தார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. பக்கத்தில் மர்ஸூக் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

அதற்குள் மிப்ரான் முழங்காலாலேயே நகர்ந்து வந்துவிட்டான். "நீங்க இரிங்க மாமா, நான் வாறேன்" என்று மெல்லச் சொல்லி, கழுத்துக்கட்டுக்குள்ளேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டான். இவனோடா போட்டி போட்டோம் என்று பலீலுக்கு வெட்கமாக இருந்தது.

"என் மகள் ஷம்ராவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்." கம்பீரமாகச் சொல்வதற்குத்தான் ஒத்திகை பார்த்திருந்தார். குரல் உடைந்துதான் வந்தது.

"ஏற்றுக்கொண்டேன்" என்றான் மிப்ரான்.

துஆ கேட்கக் கையேந்த நேரமாயிற்று. மிப்ரான் கையை மெதுவாக இழுத்தான். வரவில்லை. மாமனாரின் பிடி இரும்பாக இருந்தது. ஷம்ரா இனி மிப்ரான் வீட்டுப் பிள்ளையாகப் போய்விடுவாள் என்பது பலீலுக்கு அப்போதுதான் உறைத்தது. தோள் வலிகூட மறந்துபோயிற்று.

மௌலவி அவர் காதருகே குனிந்தார். "நானா, நிக்காஹ் முடிஞ்சி. மாப்புளட கைய விடுங்க."

"கொஞ்சம் பொறுங்க மௌலவி" என்றார் பலீல். "விடத்தான் பாக்குறன்."