கயிறு மட்டும் தர மாட்டோம்

அப்பாவோடு நான் பேசாமல் இருந்த காலங்கள் நிறைய உண்டு. அதில் மிக நீளமானது ஒரு சார்ஜரால் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படித்தால் பன்னிரண்டாவதில் லேப்டாப் சும்மா கிடைக்கும். எங்கள் அப்பாவோ பருத்தி விற்ற காசையெல்லாம் கொட்டி என்னை அரியலூரில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தார். காசு கட்டிப் படிக்கிறவர்களுக்கு இலவசம் கிடையாதாம். அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் நாலைந்து பேருக்கு ஒரு பெட்டி. மௌஸைப் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள், நாங்கள் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். "மிஸ், நான் இன்னும் தொடவே இல்ல" என்றால், "பாத்தாலே புரியும், நில்லு" என்பார். கிணற்றைப் பார்த்தே நீச்சல் பழகியவர் போலிருக்கிறது அந்த மிஸ்.

எனக்கென்று ஒன்று வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன். புதிது வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அப்போதுதான் சித்தப்பா ஒரு தகவல் கொண்டுவந்தார். குன்னம் பக்கம் ஒரு வீட்டில் பழைய லேப்டாப் கிடக்கிறது, ஆட்டுக்குட்டி விலைக்குத் தந்துவிடுவார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். வாசல் முழுக்க மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா மோர் கொடுத்து உட்கார வைத்தார். "பள்ளிக்கூடத்துல குடுத்ததுதாங்கண்ணே. புள்ளைக்குப் பேசி முடிச்சாச்சு, வர்ற தையில கல்யாணம். இனிமே இது எதுக்கு அவளுக்கு?" என்றார்.

அந்தப் பிள்ளை, அதாவது அக்கா, பெட்டியைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தாள். செங்கல் மாதிரி கனம். "பேட்டரி போயிடுச்சு. வயரு இருந்தாத்தான் ஓடும்" என்று சொல்லி, சார்ஜரைச் சுவரில் செருகினாள். திரை வெளிச்சமானதும் விறுவிறுவென்று ஒரு வரி அடித்துக் காட்டினாள். விசைகளை அவள் பார்க்கவே இல்லை. நான் அவள் விரல்களையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குத் தெரிந்த வியாபாரம் மாட்டு வியாபாரம்தான். பெட்டியைத் தூக்கி அடியில் பார்த்தார், முதுகில் தட்டினார். "பல்லு ஒண்ணு கொட்டியிருக்கே" என்று விசை இல்லாத இடத்தை விரலால் தொட்டார். பேரம் பேசிக் கெடுத்துவிடப் போகிறாரே என்று அவர் காலை மிதித்தேன். எப்படியோ விலை படிந்தது. அந்த அம்மா பெட்டியை மஞ்சள் பைக்குள் வைத்தார். அக்கா சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அதயும் குடுடி."

"கயித்த எப்புடிம்மா குடுக்கறது? செவலக் கன்ன வித்தப்ப, வாங்குனவரு புதுக்கயிறு கட்டுனப்புறம் பழச நீதான அவுத்து வச்சுக்கிட்ட?"

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். மாடு போகலாம், கயிறு போகக்கூடாது. கயிற்றோடு வீட்டு யோகமும் போய்விடும் என்பார்கள். சரி, அது மாட்டுக்கு! கரண்டில் ஓடுகிற சாமானுக்கு யார் சொன்னது? அந்த அம்மா சிரித்துத் தள்ளிவிடுவார் என்று பார்த்தால், நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கல்யாணம் வச்சிருக்கற வூடு... அவ சொல்றதும் சரியாத்தாண்ணே இருக்கு. நீங்க டவுன்ல புதுசா ஒரு வயரு வாங்கிக்கங்களேன்."

அப்பா சித்தப்பாவுக்குப் போன் போட்டார். "அந்தப் பின்னு இப்ப வர்றதே இல்லண்ணே! வயரு இல்லாம வாங்கிடாத!" என்று அவர் கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, அது கயிறு இல்லப்பா! சார்ஜரு! கேட்டு வாங்குப்பா!" என்று நானும் கத்தினேன்.

அக்கா என்னைப் பார்த்தாளே ஒரு முறை! நான் அவள் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல. சார்ஜரைச் சுற்றியிருந்த கை இன்னும் இறுகியது. அப்பா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைப் பையிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் திரும்ப வைத்தார்.

"கயிறு எங்க இருக்கோ, மாடும் அங்கயே இருக்கட்டும்மா. நாங்க போயிட்டு வரோம்."

அவ்வளவுதான். மோருக்கு நன்றி வேறு சொன்னார். பஸ்ஸில் நான் வெடித்துவிட்டேன். ஒரு அதட்டு அதட்டியிருந்தால் கொடுத்திருப்பார்கள், உனக்கு வாயே கிடையாது, ஊரில் எல்லோரும் உன்னை ஏமாற்றுகிறார்கள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதி ஜன்னல் வழியாக வந்து கண்ணில் விழுந்ததற்கும் அவரையே திட்டினேன்.

"அந்தப் புள்ள மொகத்தப் பாத்தியா பாப்பா?" என்றார்.

"நான் மொகத்த வாங்கவா வந்தேன்?"

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அதற்குமேல் பேசவில்லை. நானும் பேசவில்லை, தீபாவளி வரைக்கும்.

இப்போது நானும் விசைகளைப் பார்க்காமல்தான் அடிக்கிறேன், இதையும் சேர்த்து. அப்பாமீதும் அந்த அக்காமீதும் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. ஆனால் காது இன்னும் சூடாகிறது. "இனிமே இது எதுக்கு அவளுக்கு?" என்று அந்த அம்மா கேட்டபோது அக்கா கதவோரம்தான் நின்றிருந்தாள், அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவில்லை. மோர் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: நல்லவேளை, கல்யாணம் ஆகப்போகிறது, அதனால்தான் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது.