தம்பிக்கு ஒரு வக்கீல்

தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. கூடப் படித்தவனின் அண்ணன் ஓட்டிவந்த பைக்கில் பின்னால் ஏறித் தெப்பக்குளம் வரை போயிருக்கிறான். அது திருட்டு வண்டி. போலீசைப் பார்த்ததும் ஓட்டியவன் ஓடிவிட்டான்; தம்பி மாட்டிக்கொண்டான். சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

அப்பா இல்லாத வீடு. கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு வக்கீல் தேடி அலைந்தேன். கோர்ட் வாசலில் ஒருவர், "சின்னப் பையன் கேசா? அது இங்க வராதும்மா, அதுக்குத் தனி போர்டு" என்று நகர்ந்துவிட்டார். இன்னொருவர் தன் ஆபீசில் உட்கார்ந்தபடி, "தப்ப ஒத்துக்கிடச் சொல்லுங்க, சீக்கிரம் விட்டுருவாங்க" என்றார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அவனைப் பார்க்கப் போன நாள்தான் இதையெல்லாம் விடக் கொடுமை. எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேசுவோம். தமிழ் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். காவலுக்கு நின்றவர், "எங்களுக்கும் புரியிற மாதிரி தமிழ்ல பேசுங்கம்மா" என்றார். "சாப்டியா?" என்று அம்மா தமிழில் கேட்டாள். யாரோ வீட்டுப் பையனைக் கேட்பதுபோல இருந்தது. "சாப்ட்டேன்" என்றான். அதோடு எழுந்து வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவனுடைய பாயில் படுத்துக்கொண்டு, அங்கே சொல்ல முடியாததையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் இலவச சட்ட உதவிக்காரர்கள் ஒரு பெண் வக்கீலைக் காட்டிவிட்டார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். "பையன் என்ன சொல்றான்?" என்று முதலில் கேட்டவர் அவர்தான்.

"வாயே தெறக்க மாட்டேங்கிறான் மேடம்."

"அம்மாட்டயுமா?"

பார்க்கப் போன அன்று நடந்ததைச் சொன்னேன். மறுநாளே எங்களோடு வந்து அங்கிருந்த அதிகாரியிடம், "பிள்ள அவங்க பாஷையிலயே பேசட்டும் சார், நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லி அனுமதி வாங்கினார்.

அம்மா வீட்டில் கூப்பிடுகிற மாதிரி ஒரு வார்த்தை கூப்பிட்டாள். அவ்வளவுதான், உடைந்து அழுதான். அழுகையோடே எல்லாம் வந்தது: ஓட்டியவன் யாரென்பது, அது திருட்டு வண்டியென்று தனக்குத் தெரியாதென்பது. பிடிபட்ட அன்று ஸ்டேஷன் வாசலுக்கு வந்து, தன் அண்ணனைக் காட்டிக்கொடுக்க வேண்டாமென்று அந்தச் சிநேகிதன் கெஞ்சியிருக்கிறான். அதனால்தான் இவன் வாய் திறக்கவில்லை. நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்ல, வக்கீல் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். சிறுவர் வழக்குகளைப் பார்க்கும் அந்தத் தனி போர்டில் அதையெல்லாம் எடுத்துச் சொல்லி ஜாமீன் வாங்கினார். பிறகு வழக்கிலிருந்தும் விடுவித்துவிட்டார்கள்.

ஆனால் தம்பி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகவில்லை. தெருவில் தலைகாட்டவே கூசினான். கோயம்புத்தூரில் மாமாவின் லேத் பட்டறைக்குப் போய்விட்டான். நன்றாகத்தான் இருக்கிறான், கல்யாணமும் ஆகிவிட்டது. தீபாவளிக்கு வந்தால் மறுநாளே கிளம்பிவிடுவான். கேட்டதற்குப் பதில் சொல்வான், சிரிப்பான். படியேறும்போதே பள்ளிக்கூடத்துக் கதைகளைக் கத்திக்கொண்டு வருவானே, அவன் மட்டும் திரும்பவில்லை.

ஒருமுறை அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வந்துதான் இருக்கான். ஆனாலும் அவனத் தேடுதுடி" என்றாள்.