மதகைத் தாண்டிய டயர்கள்

மயிலாடுதுறையில் ஓர் அரிசி ஆலை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மணி போன் செய்தான். "கதிரேசன் அண்ணன் போயிட்டாங்கடா. நெஞ்சுவலி." எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய பிக்கப் இனி யார் கைக்குப் போகும் என்றுதான் முதலில் நினைத்தேன். அஞ்சலியில் இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் படித்தால் அவரே சிரிப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் தார் ரோடு வாய்க்கால் மதகோடு முடிந்துவிடும். மதகுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெற்குத் தெரு. அதையும் தாண்டினால் எங்கள் சுடுகாடு. இரண்டுக்கும் களிமண் கரைதான் வழி. தேர்தல் வந்தால் கரையை டேப் பிடித்து அளப்பார்கள். தேர் ஓடும் தெருவில் தாருக்கு மேல் தார் போடுவார்கள். மழைக்காலத்தில் கரை குழைந்துவிடுவதால் பிணத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வயலில் இறங்குவோம். நடவு மிதிபடுகிறது என்று நிலத்துக்காரர்கள் வரப்பில் நின்று வைவார்கள்.

கதிரேசன் அண்ணனும் நானும் நெல் மூட்டை ஏற்றும் பிக்கப் வைத்திருந்தோம். ஒரே மாடல், ஒரே வெள்ளை. மழை பிடித்தால் இரண்டும் மதகிலேயே நின்றுவிடும். அவருடைய அப்பா இறந்த அன்றும் நின்றது. அப்பாவை வயல் வழியே சுமந்துபோய் எரித்துவிட்டு வந்தவர், கால் சேற்றைக்கூடக் கழுவாமல் தன் வண்டி டயரை உதைத்தார். "இது ரோடு இருக்கறவனுக்குச் செஞ்ச டயரு. நமக்கில்ல" என்றார்.

தஞ்சாவூர் பைபாஸில் ஒரு டயர் கடைக்குப் போனார். நடந்ததை டீக்கடையில் அவரே சொன்னார். பெரிய டயர் போட்டால் டீசல் குடிக்கும், ஸ்டியரிங் கனக்கும், தார் ரோட்டில் இரையும் என்று கடைக்காரர் தடுத்தாராம். இவர் கேட்கவில்லை. பட்டன் பட்டனாகப் பல் வைத்த அகல டயரை மாட்டச் சொல்லி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கோடி வரை ஒடித்துப் பார்த்திருக்கிறார். மட்கார்டில் உரசியதும் கழற்றச் சொல்லி, அதற்கு ஒரு சைஸ் குறைத்து மாட்டிப் பார்த்திருக்கிறார். "பொண்ணு பாக்கவா வந்தீங்க?" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டாராம். "பொண்ணு பாக்க இவ்வளவு நேரம் ஆகலைங்க" என்றாராம் அண்ணன்.

அடுத்த குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டது. நான் மதகில் நின்றேன். அவர் என்னைத் தாண்டிக் கரையில் இறங்கிப் போனார். தெருவில் நனைந்து முளைக்கவிருந்த நெல்லெல்லாம் அவர் வண்டியில் வெளியே வந்தது. பிரசவ வலி கண்ட மணியின் மனைவியும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தாரில் அந்த டயர் ஊம் என்று இரையும். அதைக் கேட்டதும் பிள்ளைகள் மதகுக்கு ஓடுவார்கள். என் மனைவிகூட அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். என் வண்டி வந்தால் நாய்கூடத் தலை தூக்காது. வயிறு எரிந்தது.

அவர் போட்டது என்ன சைஸ் என்று கேட்டுக்கொண்டு, அதற்கும் ஒரு சைஸ் மேலே வாங்கினேன். ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தேன், உரசவில்லை. முதல் லோடு ஏற்றிக் கரையின் பாதியில் வந்தபோது ரப்பர் கருகும் வாடை அடித்தது. மூட்டைப் பாரத்தில் வண்டி அமுங்கி, மட்கார்டு டயரை அறுத்துவிட்டிருந்தது. அண்ணன்தான் கயிறு கட்டி இழுத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

"வெறும் வண்டியில அளந்தியா? நான் லோடோட போயில்ல அளந்தேன்" என்றார்.

"அத ஏண்ணே அன்னிக்கே சொல்லல?"

"நீ சைஸுதானடா கேட்ட."

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் செத்தாலும் பிணம் வயலில் இறங்கவில்லை. அவர் வண்டியில் கரை மேலேயே போனது. வைவதற்கு வந்தவர்கள் வரப்பில் சும்மா நின்றார்கள். அதைச் செய்ய வேண்டியது அரசாங்கம். செய்தது நாலு டயர்.

அவருக்கு வலி வந்த அன்றும் மழை. ஆம்புலன்ஸ் மதகு வரை வந்து நின்றுவிட்டது. நான் மயிலாடுதுறையில் இருந்தேன். தெருவில் வண்டி ஓட்டத் தெரிந்த வேறு ஆளில்லை. நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவரே கரையில் ஓட்டிவந்திருக்கிறார். மதகில் வண்டியை ஓரங்கட்டி, சாவியை அண்ணி கையில் கொடுத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏறினாராம். தஞ்சாவூர் போய்ச் சேரவில்லை. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவார்கள். ரோடு என்று எழுத அதில் இடம் கிடையாது.

மறுநாள் எடுக்கும் நேரத்தில் அண்ணி அந்தச் சாவியை என்னிடம் நீட்டினார்கள். "நீ ஓட்டு தம்பி. உன் கண்ணு இந்த வண்டி மேலதான்னு உங்க அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

ஓட்டினேன். ஸ்டியரிங் கனத்தது. டயர் ஓர் இடத்திலும் வழுக்கவில்லை. சுடுகாட்டில் அவரை இறக்கினோம், எரித்தோம். அண்ணிக்குச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது தாரில் டயர் இரைந்தது. வழக்கம்போலப் பிள்ளைகள் மதகுக்கு ஓடிவந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

அண்ணே, இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. வண்டியை உங்கள் வாசலில் நிறுத்தினேன். சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, சேற்றில் நடந்து வீட்டுக்குப் போனேன்.