நாற்பத்தோரு வீடுகளின் பின்சுவர்

ஒரு வீட்டின் அடுக்களைக்குள் நுழைந்ததும் ஹெலன் முதலில் மிக்சியை நகர்த்துகிறார். பிறகு எண்ணெய்த் தூக்கு, பருப்பு டப்பாக்கள். அவற்றுக்குப் பின்னால்தான் கோட்டைச் சுவர் இருக்கிறது. அறுநூறு வருஷத்துச் செங்கல் என்கிறார்கள். அதன் வெடிப்புக்குக் குறுக்கே இரண்டு விரல் அகலத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கிறது. சுவர் நகர்ந்தால் சில்லு உடையும். "ஒடையல, நல்லாக் கீது" என்று முணுமுணுத்தபடி நோட்டில் குறித்துக்கொள்கிறார்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பழைய கோட்டை ஊர் அது. நாற்பத்தோரு குடும்பங்கள் கோட்டையையே பின்சுவராக்கி வீடு கட்டி, பெயின்ட் அடித்து, முருகன் படமும் மாதா படமும் மாட்டியிருக்கின்றன. சுவரை அளந்து பழுதுபார்க்க வந்த குழு, மாதாமாதம் சில்லுகளைப் பார்க்க உள்ளூரில் ஆள் தேடியது. வார்ப்பட ஆலையில் இரும்பு பாகங்களின் விரிசலைச் சோதிக்கும் ஹெலன் கிடைத்தார். "அங்க இரும்பு, இங்க செங்கல். வெடிப்புன்னா வெடிப்புதான?"

மாதத்தின் முதல் ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கிளம்புவார். எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதுவும் வாங்கமாட்டார். "டீ குடிச்சிட்டா பொய் எழுதத் தோணும் சார்" என்றார், இதை எழுதுவதற்காக விசாரித்த என்னிடம்.

சில்லு உடைந்தால், பழுது முடியும்வரை அந்த வீட்டுக்காரர்கள் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைக்குப் போகவேண்டும். திரும்பி வரும் தேதியைக் குழு சொல்வதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. செங்கல்லுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியையாவது அதன்மேல் சாய்ந்து தூங்குகிறவர்களுக்குக் கொடுக்கலாம்.

போன மாதம், ஹெலனின் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளின் சில்லு பளபளத்தது. ஒட்டிய தேதியை ஹெலன் ஒவ்வொரு சில்லிலும் ஆணியால் கீறிவைப்பார். இதில் தேதி இல்லை, ஹெலனின் முகம்தான் தெரிந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை உடைத்து ஒட்டியிருந்தார்கள்.

"ஒடைஞ்சத எழுதுனா எங்கள கொட்டாய்க்கு அனுப்புவாங்க. இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் கெங்கம்மாள்.

"எழுதலன்னா தூங்கசொல்லோ உன் மேல உயுந்துடும்க்கா" என்று சொல்லி ஹெலன் எழுதினார்.

அன்றிலிருந்து கெங்கம்மாள் அவரோடு பேசுவதில்லை. அதைச் சொன்னபோது ஹெலனின் கண் கலங்கியது. ஆனாலும் எழுதியதை அவர் அடிக்கவில்லை.

இந்த ஞாயிறு நானும் கூடப் போனேன். கடைசியாகத் தன் சொந்த வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்குப் பின்னால் குனிந்தவர் வெகுநேரம் எழவில்லை. சில்லு நடுவே இரண்டாகப் போயிருந்தது.

கணவர் ஸ்டீபன் எட்டிப் பார்த்தார். "பையில புதுசு கீதில்ல? ஒட்டி, பழைய தேதியவே கீறிடு. நீதான கீறுற, யாரு கேக்கப் போறா?"

அவர் சொன்னது உண்மைதான். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஹெலன் வெளியே போனார். கொட்டகைக்குப் போகச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த கெங்கம்மாளின் கையைப் பிடித்து அழைத்துவந்து, உடைந்த சில்லைக் காட்டினார். நோட்டைத் திறந்து, தன் வீட்டு எண்ணுக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு, பென்சிலைக் கெங்கம்மாளிடம் நீட்டினார்.